பத்தேகால் விரல்

வெகு காலத்துக்கு முன்னால், மகுடத்துக்குக் கீழேயே கோபத்தையும் வைத்திருந்த மருதவர்மன் என்ற அரசன் பாலாவூர் நாட்டை ஆண்டான். எப்போது, யார்மேல் பாய்வான் என்று அவனுக்கே தெரியாது.

அரண்மனைக் கொடி கிழிந்துபோயிற்று. அரசன் தன் கையாலேயே ஒன்பது முழம் பட்டு அளந்து, அங்காயி என்ற தையற்காரியிடம் கொடுத்தான். கொடிக்கு ஐந்தேமுக்கால் முழம் போனது. மீதி மூன்றேகால் முழத்தை மடித்து, அவள் துணிக்கிடங்கில் ஒப்படைத்தாள்.

கிடங்கு அதிகாரி பொன்னம்பலத்தாருக்கு வயிறு எரிந்தது. அதுவரை கொடி தைத்தவன் அவருடைய மைத்துனன். நேரே சபைக்குப் போனார்.

"அரசே, ஒன்பதில் ஐந்து போனால் நான்கு. ஒன்றில் முக்கால் போனால் கால். ஆக நாலேகால் முழம் மிஞ்ச வேண்டும். இவள் கொடுத்தது மூன்றேகால். ஒரு முழத்தை விழுங்கிவிட்டாள்."

அரசன் முகம் சிவந்தது. "இழுத்து வாருங்கள் அவளை."

அங்காயி வந்து நின்றாள். "கொடியை இறக்கி, மீதியோடு சேர்த்து அளந்து பாருங்கள் அரசே."

"ஏற்றிய கொடியை இறக்குவது நாட்டுக்கு ஆகாது. நான் அளந்த பட்டை மறுபடி அளப்பதா? என் கையையே சந்தேகப்படுகிறாயா?" அரசன் சிம்மாசனத்தில் ஓங்கி அடித்தான். "முக்காலில்தானே ஏமாற்றினாய்? இவள் கட்டைவிரலில் முக்கால் பாகத்தை வெட்டுங்கள். கால் பாகத்தை விட்டுவைக்கிறேன். நான் இரக்கமுள்ளவன்."

கட்டைவிரல் போனால் ஊசி பிடிக்க முடியாது. ஊசி போனால் அவளுக்குச் சோறு போனது. அங்காயி அழவில்லை. அவளுக்கும் கோபம் வந்தது.

"வெட்டுங்கள் அரசே. அதற்கு முன் கிடங்கு ஐயா முறைப்படியே ஒரு கணக்கு. எனக்குப் பத்து விரல். முழு விரல் எதுவும் போகவில்லை, ஆக பத்து அப்படியே இருக்கிறது. ஒன்றில் முக்கால் போனால் கால். மொத்தம் பத்தேகால் விரல். வெட்ட வெட்ட விரல் கூடுகிறது. இந்த லாபம் எனக்கு எதற்கு? முதலில் ஐயாவுக்கு வெட்டுங்கள். பத்துக் கைவிரலோடு ஒரு கால் விரலும் அவர் கையிலேயே முளைக்கட்டும்."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. கோபம் மட்டும் இடம் மாறியது.

"ஓய் பொன்னம்பலம், கையை நீட்டும்."

அதிகாரி இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்தார். "அரசே, வெட்டினால் விரல் குறையுமே."

"எத்தனை மிஞ்சும்?"

"ஒன்பதேகால்."

"பத்து எப்படி ஒன்பதாயிற்று?"

"ஒரு விரலை வெட்டினால்தானே அதில் முக்கால் போகும்? அந்த விரல் முழுசாக இருக்காதே. மற்றது ஒன்பதுதான்."

"விரலுக்குத் தெரிந்தது பட்டுக்குத் தெரியவில்லையோ?" என்றாள் அங்காயி. "ஒன்பது முழத்தில் ஒரு முழத்தை நாலு காலாகப் பிரித்தால் எட்டு முழமும் நாலு காலும். எட்டில் ஐந்து போக மூன்று. நாலு காலில் மூன்று கால் போக ஒரு கால். இப்போது சொல்லுங்கள் ஐயா, மீதி எவ்வளவு?"

"மூன்றே..." அதிகாரி அங்கவஸ்திரத்துக்குள்ளேயே விரல் மடக்கி எண்ணினார். "மூன்றேகால்."

அரசன் தன் கையையே சற்று நேரம் பார்த்தான். "அந்தப் பட்டு உனக்குத்தான், அங்காயி. வேறு என்ன வேண்டும், கேள்."

"பட்டு இருக்கட்டும். கொடியை இறக்கி அளந்திருந்தால் இத்தனை பேச்சு இல்லை. இனி நீங்கள் யாருடைய விரலைக் கேட்டாலும், கத்தி எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள்."

அரசன் பல்லைக் கடித்தான். பிறகு கொடியை இறக்கச் சொன்னான். எல்லோரும் பார்க்க, பொன்னம்பலத்தாரே குனிந்து அரசனின் முழத்துக்கு வெட்டிய கோலால் அளந்தார். கொடியும் மீதியும் சேர்ந்து சரியாக ஒன்பது.

கொடி இறங்கியிருந்த அந்த ஒரு பொழுதில் நாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. பொன்னம்பலத்தாருக்குத்தான் வந்தது. அன்று முதல் அவர் பெயர் பத்தேகாலார்.