சீப்பு யாருடையது?

“டீச்சர், படத்துல குறியீடெல்லாம் பிடிபட்டிருச்சு. ஆளுங்கதான் மனசுல நிக்க மாட்டேங்கிறாங்க. சாயங்காலம் என்னத்தப் பேச?”

இன்னாசி வாசலிலேயே நின்று கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சினிமாவைப் புரிந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்று, மகள் வயதுள்ள பூவிழி டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று ஊர் நூலகத்தில் படம். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த முகாமைப் பற்றியது. படத்துக்கு முன்னால் இன்னாசி பேச வேண்டும்.

“டிப்போக்காரங்க எல்லாம் வர்றாங்க டீச்சர். உளறினா மானம் போயிரும்.”

பூவிழி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிடிபட்டுச்சு, சொல்லுங்கண்ணே.”

“அந்தச் சீப்பு. மொட்டையடிச்ச பொம்பளை எதுக்குச் சீப்பை ஒளிச்சு வைக்கணும்? அது நம்பிக்கையோட குறியீடு. ஒவ்வொரு பல்லா உடையுது பாருங்க, நம்பிக்கை உடையுது.”

“ஆடாம இருடி, வகிடு கோணுது. எந்தப் பொம்பளைண்ணே?”

“கையில நம்பர் பச்சை குத்தியிருக்காளே, அவதான். எழுபத்தொண்ணுன்னு முடியும். நான் எழுபத்தொண்ணுன்னே ஞாபகம் வச்சிருக்கேன். அந்த ஊர்ப் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையல.”

பூவிழி வாருவதை நிறுத்தினாள்.

கையிலிருந்த சீப்பின் நுனியால் அவர் முழங்கையைத் தொட்டாள். அதற்குக் கீழே பழைய பச்சை எழுத்துகள்.

“இது என்ன குறியீடுண்ணே?”

“குறியீடா? நல்லாருக்கே கதை. என் மக பேரு டீச்சர். ஜெபமாலை. அவ பொறந்த வருசம் கோயில் திருவிழாவுல குத்துனது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூவிழி மகளுக்கு ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்தாள். மறுபக்கம் எடுத்தாள்.

“டீச்சர், படத்தை இன்னொரு தடவை போடுறீங்களா?”

“சீப்பைப் பார்க்கவா?”

“பேரைக் கேட்க.”

“உள்ள வந்து உக்காருங்க. காபி போட்டுட்டு வந்து போடுறேன்.”

சாயங்காலம் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டிப்போக்காரர்கள் பின்வரிசையில் விசிலடித்தார்கள். இன்னாசி மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் படத்துல ஒரு அம்மா வருவாங்க. பேரு மிரியம். அவங்க மக பேரு லேயா. மகளைத் திரும்பப் பார்த்தா தலை வாரிவிடணும்னு ஒரு சீப்பு வச்சிருக்காங்க.”

போய் உட்கார்ந்துகொண்டார்.

பூவிழி விளக்கை அணைத்தாள்.