வெயில் தொடுவதற்குள்

“தாண்டலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க அச்சே,” என்றான் ரிக்சின்.

அச்சே என்றால் அக்கா. யாங்டோல் அவனைவிட மூன்று வயது சின்னவள். ஆனால் அந்த மலையில் பனி தெரிந்தவள்தான் மூத்தவள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

எதிரே வெள்ளைச் சரிவு. அதற்கு அந்தப் பக்கம் ஊர். பின்னால் ஊர் திரும்புகிற ஒன்பது பேர் குளிரில் காலை உதைத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பட்டால் பனி இளகிச் சரியும்; அதற்குள் தாண்டியாக வேண்டும்.

“நீதான் இன்னைக்கு வழிகாட்டி. நான் வெறும் மூட்டை,” என்றாள் யாங்டோல்.

“சரி. என்னைக் கேட்டா, தாண்டலாம்.”

“எப்படித் தெரியும்?”

“பள்ளம் தோண்டினேன். பனியைத் தூண் மாதிரி வெட்டி நிறுத்தி, மேல முப்பது தட்டு தட்டினேன். கடைசிப் பத்து தோள்லேர்ந்து ஓங்கி. அசையல.”

“எங்க தோண்டின?”

“இங்கதான்.” பாறை மறைவைக் காட்டினான். காற்று வராத இடம். டீ குடித்த இடம்.

யாங்டோல் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். “உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ, பையன் எப்படின்னு யார்கிட்ட விசாரிச்ச?”

“அக்கம்பக்கத்துல.”

“பையனோட அம்மாகிட்டக் கேக்கலயா?”

யாரோ சிரித்தார்கள். ரிக்சினுக்குக் காது சூடானது. தங்கச்சி கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மனுஷி நேராகவே பேச மாட்டாளா?

“முந்தாநாள் ரெண்டு பேர் போயிருக்காங்க, காலடி இன்னும் லேசாத் தெரியுது பாரு,” என்றார் கூட்டத்திலிருந்த கடைக்காரர் தாஷி. “இவன் என்னடான்னா குழி வெட்டிக்கிட்டு நிக்கிறான்.”

“நேத்து ராத்திரி முழுக்கக் காத்து, பனியை வாரிக் கொட்டுற காத்து,” என்றாள் யாங்டோல், யாருக்கென்று இல்லாமல்.

பிறகு தன் தடியை ரிக்சினிடம் நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூன்று வருஷமாக அந்தத் தடிக்காகத்தான் அவள் மூட்டையைச் சுமக்கிறான். அதை வாங்கியவன் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் வழிகாட்டி. தாண்டலாம் என்று சொன்னவன்தான் முதலில் இறங்க வேண்டும். அது அங்கே வழக்கம்.

“உனக்குத்தான். முதல்ல நீ போ. நாங்க ஒவ்வொருத்தரா வர்றோம்.”

அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையைப் பாறையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

ரிக்சின் விளிம்புக்குப் போனான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான். தடியைச் சரிவில் குத்தினான்.

மேலே இரண்டு சாண் கெட்டி. அதற்குக் கீழே தடி தானாகவே இறங்கியது, ரவை டப்பாவுக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி.

இழுத்தான். இன்னொரு இடத்தில் குத்தினான். அங்கேயும் ரவை. பாறை மறைவில் தோண்டிப் பார்த்தது, பையனின் அம்மாவிடம் விசாரித்த மாதிரிதான்.

ஒரு காலை மட்டும் வைத்தான்.

பனி ‘ம்ம்’ என்றது. காலுக்கு அடியிலிருந்து வரவில்லை. சரிவு முழுவதிலிருந்தும் வந்தது. அவன் கால் நுனியிலிருந்து நூல் மாதிரி ஒரு விரிசல் கிளம்பி, காலடித் தடங்களை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரை ஓடியது.

மெதுவாகக் காலை எடுத்தான்.

“என்னப்பா, பயந்துட்டியா?” என்றார் தாஷி.

“ஆமா,” என்றான் ரிக்சின். “எல்லாரும் மூட்டையைத் தூக்குங்க. மேல் பாறை வழியாப் போறோம். போய்ச் சேர சாயங்காலம் ஆகும்.”

“சாயங்காலமா? அந்தா தெரியுது ஊரு.”

“தெரியட்டும்.”

யாங்டோல் கயிற்றை விடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தடி குடுத்தாச்சு. ஒன்பது பேர் பாக்கறாங்க. நான் சொல்றேன், போ.”

ரிக்சின் அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“போ,” என்றாள் மறுபடியும்.

அவன் போகவில்லை. யாங்டோல் கயிற்றைப் பாறையிலிருந்து அவிழ்த்து, மேல் பாறை வழிக்கு அவன் பின்னால் வந்து நின்றாள்.