முதலைக்கும் ஹெல்மெட் மாட்டிய நல்லசிவம்

நல்லசிவத்தின் வாய்க்குள் போன எந்தச் சங்கதியும் பழைய அளவில் வெளியே வந்ததில்லை. அவர் வீட்டு மாமரத்தில் காக்கா உட்கார்ந்தது என்றால், நம் காதுக்கு வந்துசேரும்போது அது மயிலாகி, மயில்மேல் முருகனும் உட்கார்ந்திருப்பார். மனிதர் திருப்பூரில் ஜட்டி எலாஸ்டிக் தயாரிக்கிறவர். எங்கள் வீதிக்குக் குடிவந்து ஆறு மாசம்தான் ஆகிறது. அதற்குள் நாங்கள் கேட்டது ஆறு ஜென்மத்துக்குப் போதும்.

சாதாரண நாளில் எனக்கு அதில் புகார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அவர் புளுகைக் கேட்பது ஒரு சுகம். ஆனால் அந்த ஞாயிறு அப்படி இல்லை. எங்கள் வீதியில் நாலு குடும்பம் சேர்ந்து, மே லீவுக்குப் பிள்ளைகளை போர்னியோ காட்டுக்குக் கூட்டிப்போவதாக முடிவாகியிருந்தது. படகுச் சவாரி, கம்பியில் தொங்கிப் பறக்கிற ஜிப்லைன், ஒராங்குட்டான் குரங்கு, முதலை எல்லாம் உண்டு. பிள்ளைகள் மொத்தம் ஏழு. அதில் ரெண்டு என்னுடையவை. சின்னவளுக்கு ஆறு வயசு. பக்கெட் தண்ணீரைப் பார்த்தாலே அழுவாள்.

எல்லாருக்கும் திட்டம் போட்டு, முன்னே நின்று நடத்த ஒரு ஆள் வேண்டும். நல்லசிவம் கையைத் தூக்கிவிட்டார். போன வருஷமே குடும்பத்தோடு போர்னியோ போய்வந்தவராம்.

"நம்ம புள்ளைகள யாரு கைல ஒப்படைக்கறம்னு நல்லா விசாரிச்சுட்டு வாங்க" என்று சொல்லித்தான் என் மனைவி என்னை அனுப்பினாள். பதினொரு மணிக்குள் டிராவல்ஸ்காரருக்குப் பொறுப்பாளி பெயரைச் சொல்லியாக வேண்டும்.

பட்டன் கடை செங்கோடன் அண்ணன் விசாரணையை ஆரம்பித்தார். அவருடைய இரட்டைப் பையன்களும் அந்த ஏழில் சேர்த்திதான்.

"ஏந்தம்பி, அங்க மழை எப்பப் பெய்யும்னே சொல்ல முடியாதாமே. ஏழு கொழந்தைகள வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

"திட்டம்னா என்னன்னு நெனச்சீங்கண்ணா?" நல்லசிவம் டீயை ஆற்றினார். "நான் எழுதுன திட்டம் ஹால் செவுத்துல ஆரம்பிச்சு, சமையக்கட்டு, மொட்டை மாடியெல்லாம் சுத்தி மறுக்கா ஹாலுக்கே வந்துச்சுங்க. பிளேன் ஏறி ஒரு மணி நேரத்துல 'மோட்டாரை ஆஃப் பண்ணுனமா'ன்னு எங்கூட்டுக்காரி கேப்பான்னு அதுக்கே ஏழு நிமிசம் ஒதுக்கியிருந்தேன். டான்னு கேட்டா."

இதுவரைக்கும் நம்பலாம் போலத்தான் இருந்தது. என் வீட்டிலும் கேட்பாள்.

"மழைக்கும் டைம் போட்டேன். மத்தியானம் மூணு பத்துல இருந்து மூணு நாப்பது. மூணே முக்காலுக்குக் கொழந்தைகளுக்கு ஆன்லைன்ல மேத்ஸ் டியூசன் பாருங்க. ஒரு நாள் மழை மூணு அம்பதுக்கு வந்துச்சு. உள்ள உடுவனா? டியூசன் முடியற வரைக்கும் மேலயே நிக்க வெச்சுட்டேன். துளித்துளியா அந்தரத்துல நின்னுச்சுங்க. அதுக்குக் கீழ உக்காந்துதான் என்ற புள்ளைக பதிமூணாம் வாய்ப்பாடு சொன்னாங்க."

"காட்டுக்குள்ளயுமா டியூசன்?" என்றேன்.

"ஏனுங்க, காட்டுக்குள்ள போனா வாய்ப்பாடு மாறிருமா?"

நியாயம்தான் என்பதுபோலப் பேக்கரிக்காரர்கூடத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலே போதும், மனிதருக்குச் சுருதி ஏறிவிட்டது.

"ஜிப்லைனுக்கு வாங்க. அங்க இருக்கற கம்பி பழசு. அதுல என்ற புள்ளைகளத் தொங்க உடுவனா? நம்ம கம்பெனி எலாஸ்டிக் நாப்பது ரோல் கொண்டு போயிருந்தேன். இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இழுத்துக் கட்டி, என்ற பையன் ரித்தினை மாட்டி உட்டேன். போனான் போனான், அந்த மலையையும் தாண்டிப் போனான். பிலிப்பைன்ஸ்ல போய் எறங்கிட்டான். ஆபீசர் பாஸ்போர்ட்ல சீல் குத்தக் கைய ஓங்கறாரு, எலாஸ்டிக் இழுத்துருச்சு. சீல் அவன் நெத்தியில உழுந்துருச்சுங்க. இன்னைக்கும் முடியை முன்னாடி வாரி உட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்பறம்."

"திரும்பி வந்துட்டானில்ல?"

"வந்தான். வந்த வேகத்துல நிக்க முடியாம இந்தப்பக்கம் திருப்பூர் வரைக்கும் வந்து, மோட்டாரைப் பாத்துட்டு மறுக்கா போனான்."

செங்கோடன் அண்ணன் பன்னைக் கீழே வைத்தார். "மோட்டார்?"

"ஆஃப்லதான் இருந்துச்சுங்க. எல்லாம் திட்டப்படி."

"போட்டோ ஏதாச்சும் இருக்குதா தம்பி? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க போதும்."

"போனு அந்த ஒராங்குட்டான்கிட்ட இருக்குதுங்களே! கொழந்தைகளோட அபாகஸ் கிளாஸ் அந்த போன்லதான் நடந்துச்சு. என்ற பையன் மணியை உருட்டறதைப் பாத்துட்டு இது மரத்துல இருந்து எறங்கி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. நாலே நாளுங்க. மொத லெவல் பாஸ். சர்டிபிகேட் குடுத்தாங்க. ரெண்டாவது லெவல் பாதில இருக்கறப்ப நாங்க கெளம்போணும். படிக்கற புள்ள கைல இருந்து போனைப் புடுங்க மனசு வருமா? உட்டுட்டு வந்துட்டேன்."

என் மூத்தவன் மூன்று வருஷமாக மொத லெவலில்தான் இருக்கிறான். அந்தக் குரங்கின்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது, மறைப்பானேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்றார் செங்கோடன் அண்ணன். "மொதலைக்கு வாங்க. அங்க ஆத்துல மொதலை இருக்குது. அது நெசம். நானே டிவில பாத்தேன்."

"மொதலை எதுக்குங்கண்ணா கடிக்குது? நேரத்துக்குச் சோறு கெடைக்காமத்தான். நாங்க ஊட்டுல இருந்து புளிச்சோறு, தயிர்ச்சோறெல்லாம் கட்டீட்டுப் போயிருந்தம். ஆத்தங்கரையில வாழையெலையப் போட்டு, மொதலைகள வரிசையா உக்கார வெச்சு, எங்கூட்டுக்காரி பரிமாறுனா. ரெண்டாம் நாள் ரசம் கேட்டுச்சுக. மூணாம் நாள் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூட்டியாந்துருச்சுக."

"அட கெரகமே!"

"சோறு தின்ன மொதலை சும்மா போகுமா? கொழந்தைகள முதுகுல ஏத்தீட்டு ஆத்தைச் சுத்திக் காட்டுச்சு. பாதுகாப்புல நான் நெம்பக் கண்டிப்புங்க. கொழந்தைகளுக்கு ஹெல்மெட் மாட்டுனேன். மொதலைக்கும் மாட்டுனேன்."

"மொதலைக்கு எதுக்குய்யா ஹெல்மெட்டு?"

"நல்லா இருக்குதே! பின்னாடி உக்கார்றவன் போட்டு, ஓட்டறவன் போடலீன்னா எப்புடி?"

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜமாகவே கோபம் வந்தது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி வேண்டாமா? என் ஆறு வயசுப் பெண்ணையா இந்த ஆள் கையில் கொடுப்பது?

"வெளையாட்டு வேண்டாமுங்க நல்லசிவம். என்ற பொண்ணு படகுல இருந்து தண்ணில உழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எப்புடி உழுவாங்க? படகு போற அன்னைக்குக் காலைல ஆத்தை வடிச்சு உட்டுருவனுங்க."

மணி பத்தே முக்கால். என்ன செய்வது என்று நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, நல்லசிவத்தின் மகள் தன்ஷிகா பிரெட் வாங்க பேக்கரிக்கு வந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். செங்கோடன் அண்ணன் முகம் தெளிந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் கோயிலில் பூ வாக்கு கேட்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். குழந்தை எடுத்ததுதான் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"தம்பி, கொழந்தை வாக்குதான் சாமி வாக்கு. உங்க பொண்ணு சொல்லட்டும். அது சொல்றதுக்கு நாங்களும் கட்டுப்படறம், நீங்களும் கட்டுப்படோணும். சரிங்களா?"

நல்லசிவத்தின் டீ கிளாஸ் பாதியில் நின்றது. மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார்.

"கண்ணு, இங்க வா. உங்கப்பா போர்னியோவுல மொதலைக்குச் சோறு போட்டாராமே, நெசமா?"

தன்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பிரெட் அலமாரியைப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது.

"நெசந்தானுங்க பெரியப்பா" என்றாள் அவள். "ஆனா ரசத்துல உப்புப் பத்தலைன்னு ஒரு மொதலை கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அம்மா சங்கடப்படுவாங்கன்னு அப்பா அதை மட்டும் வெளிய சொல்ல மாட்டாரு."

"பாத்தீங்களா!" நல்லசிவம் பெஞ்சில் ஓங்கித் தட்டினார். போன உயிர் திரும்பி வந்ததோடு பெருமையும் சேர்ந்துகொண்டது.

செங்கோடன் அண்ணன் பெருமூச்சு விட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். டிராவல்ஸ்காரருக்குப் பெயரைச் சொல்ல போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "அம்மிணி, என்ற பொண்ணு உன்னையவிடச் சின்னவ. தண்ணின்னா அவளுக்குப் பயம். உங்கப்பாகூட அனுப்புனா அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல? நெசத்தைச் சொல்லு கண்ணு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பயப்படாதீங்க மாமா, ஒண்ணுமே ஆகாது" என்றாள். "எங்கப்பா திட்டம் போட்டா அவ்வளவு பத்திரமுங்க. மூணு வருசமா போட்டுட்டே இருக்காரு, நாங்க இன்னும் டூருக்குன்னு ஊட்டு கேட்டையே தாண்டலை."