மாட்டு வைத்தியப் புத்தகமும் ஒரே ஒரு பொன்னாடையும்

தேதிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். இந்தக் கதையில் கால் வழுக்குகிற இடங்கள் உண்டு.

காங்கயம் பக்கத்தில் குழந்தைசாமி என்றொரு மாட்டு வைத்தியர் இருந்தார். மடிவீக்கம், வயிற்றுப்பொருமல், கோமாரி என்று மாட்டுக்கு வரும் நோய்க்கெல்லாம் கைமருந்து சொல்லி ஒரே ஒரு புத்தகம் போட்டார். 1965 மார்ச் பத்தாம் தேதி இறந்தார். உயில் எழுதவில்லை. மனைவியும் பின்னாலேயே போய்விட்டாள். மிஞ்சியது மகன் தங்கமுத்து, மகள் பாவாயி.

புத்தகம் மறுபடி அச்சேறவே இல்லை. ஊரில் மூன்றே பிரதிகள். ஒன்று புண்ணாக்குக் கடை சென்னியப்பனிடம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கமுத்துவிடம் போய், "என்ற செலவுல அச்சுப் போடறனுங்க, அனுமதி மட்டும் குடுங்க" என்று கேட்டார்.

"புண்ணாக்கு விக்கறவனுக்குப் புத்தகம் எதுக்கு? பொட்டலம் மடிக்கக் காகிதம் பத்தலையா?" என்றார் தங்கமுத்து. பக்கத்திலிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று சென்னியப்பனுக்கு இன்றைக்கும் வரிசையாகத் தெரியும். அதில் இரண்டு பேர் செத்தபோது அவர் துக்கத்துக்கே போகவில்லை.

2025 பொங்கலன்று ஊர் வாசகசாலை ஓர் அறிவிப்பு ஒட்டியது. அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி, சட்டம் தவறாமல் முதலில் இணையத்தில் ஏற்றுபவருக்குப் பொன்னாடை. முதல் பக்கத்தில் அவர் பெயர். எழுதியவர் இறந்து அறுபது வருஷம் வரை உரிமை வாரிசுகளுக்கு. அந்த அறுபதை இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மார்ச் பதினொன்றாம் தேதியே ஜெராக்ஸ் கடை மூர்த்தி ஏற்றிவிட்டார். "நேத்தோட அறுபது முடிஞ்சுதுங்க!" என்று தெருவெல்லாம் லட்டு கொடுத்தார்.

அக்டோபரில் திருமலைசாமி வாத்தியார் முறையாகத் தங்கமுத்துவிடம் போனார். "தங்கச்சியக் கட்டிக் குடுத்துச் சீரும் செஞ்சாச்சு. அப்பன் சொத்துக்கு நான் ஒருத்தன்தானுங்களே" என்று தங்கமுத்து சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே வாத்தியாரும் ஏற்றினார்.

சென்னியப்பன் அசையவில்லை. படமெல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். "நீங்களும் ஒரு கையெழுத்துக் கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமாக்கும்?" என்றாள் மனைவி ருக்குமணி.

"அவங்கிட்டப் போய் நிக்கறதுக்குப் பதிலாக் கடையவே மூடிட்டுப் போயிருவேன்."

2026 ஜனவரி ஒன்றாம் தேதி காலை, பால் கறந்து வைத்துவிட்டு ஏற்றினார்.

விழா நாளில் மூன்று பேரும் மேடையில் நின்றார்கள். "நான்தான் முதல்" என்றார் மூர்த்தி. "வாரிசு கையெழுத்து என்கிட்ட" என்றார் வாத்தியார். "எனக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

தோள் மூன்று, பொன்னாடை ஒன்று. அது யார் தோளுக்குப் போக வேண்டும்? ஏன்?

விடை: சென்னியப்பனுக்குத்தான். மூர்த்தி இறந்த நாளிலிருந்து எண்ணிவிட்டார். உரிமை 2025 டிசம்பர் கடைசி வரை வாரிசுகளிடம்தான் இருந்தது. வாத்தியார் கேட்டது சரி, ஆனால் பாதி வாரிசிடம்தான் கேட்டார். சீர் செய்து அனுப்பியதால் மகளின் பங்கு போய்விடாது. பாவாயியும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வாசகசாலைத் தலைவரும் இதையே சொன்னார். சொன்னதோடு நிற்காமல், வைத்தியர் மகன் கையால் போர்த்தினால் சிறப்பு என்று தங்கமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டார். தங்கமுத்து குள்ளம், சென்னியப்பன் பனைமரம். "கொஞ்சம் குனியுங்க" என்றார் தங்கமுத்து. "குனியறதுக்கில்லீங்க, நீங்களே எக்கிப் போடுங்க" என்றார் சென்னியப்பன். விழாவில் அதற்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணவே இல்லை.