குளிகையில் தூங்கிய மாமன்மார்

அரைக்காணிப்பட்டியில் மூளையைப் பங்கு போட்ட அன்று நயினார், சொரிமுத்து, நம்பி மூன்று பேரும் எங்கே போயிருந்தார்களோ தெரியாது. பாசத்தைப் பங்கு போட்டபோது மட்டும் அண்டாவோடு போய் நின்றிருக்கிறார்கள். அக்காள் மகள் முத்தரசி என்றால் மூவருக்கும் உயிர்.

ஐந்து வயது முத்தரசிக்கு இந்த ஒரு வருஷம் வீட்டிலேயே பாடம் என்று அக்காள் ஆவுடை முடிவு செய்திருந்தாள். நாத்தனார் பிரமுவுக்கு அது பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வருவேன். பிள்ளை முப்பது வரைக்கும் எண்ணலைன்னா, எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நர்சரியில சேர்த்துருவேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் பார்த்தா ஆவுடைக்கு வெளியூரில் தையல் பயிற்சி வர வேண்டும்!

சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். எட்டு மணிக்குக் கதை, ஒன்பதுக்கு மண் விளையாட்டு, பதினொன்றுக்கு எண்ணிக்கை, ஒரு மணிக்குத் தூக்கம். "பிள்ளையை விரட்டாதீங்கலே. தூங்கிட்டா எழுப்பாதீங்க" என்று சொல்லிப் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை. தினசரி காலண்டரைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்கள் நம் ஆட்கள்.

"எட்டு மணிக்கு ராகு காலம். கதை கூடாது" என்றார் மூத்தவர் நயினார்.

"பதினொண்ணுக்கு எமகண்டம்ணே. எண்ணிக்கையும் போச்சு" என்றான் சொரிமுத்து.

"ஒன்றரைக்குக் குளிகை இருக்கே!" என்று துள்ளினான் நம்பி. "குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்பாங்க. அப்ப ஒரு தடவை எண்ண வச்சாப் போதும். மிச்ச நாளெல்லாம் எண்ணிக்கை தன்னால வரும்."

அடேங்கப்பா, என்ன அறிவு!

ஒன்றரை அடித்ததும் நம்பி கொண்டைக்கடலையை எடுத்து ஒன்று, இரண்டு என்று இழுத்து இழுத்து எண்ணினான். காலையெல்லாம் மண்ணில் புரண்ட பிள்ளை ஏழில் கொட்டாவி விட்டது. ஒன்பதில் தூங்கிவிட்டது.

"கெட்டுது காரியம்! குளிகையில தூங்கிட்டாளே! இனிமே தினம் குளிகைக்குக் குளிகை தூக்கம்தான்" என்று தலையில் கை வைத்தார் நயினார். எழுப்பவும் கூடாது.

மூவரும் வாசலில் கூடி யோசித்தார்கள்.

"இந்த வீட்டுல தூக்கம் தொடங்கிட்டுது. இனி யாராவது தூங்கித்தான் தீரணும்."

"பிள்ளை தூங்கினா பிரமு மைனி கொண்டு போயிருவா."

"அப்ப நாம தூங்குவோம்ணே. பிள்ளைக்காக இதுகூடச் செய்யலைன்னா நாம என்ன மாமன்மாரு?"

கண்ணீர் விட்டுக்கொண்டே மூவரும் படுத்தார்கள்.

செவ்வாய் குளிகை நண்பகலில். தூங்கினார்கள். புதன் பத்தரைக்கு, வியாழன் ஒன்பதுக்கு. கடமை தவறவில்லை. முத்தரசிக்குப் பொழுது போக வேண்டாமா? அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, மாமன்மார் கால்விரல் ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்து எண்ணினாள். தினமும் வைப்பதும் உரிப்பதுமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆவுடையும் பிரமுவும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குள் மூன்று குறட்டை.

"இதுதான் பாடமா?" என்றாள் பிரமு. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டாள். "எங்கே, எண்ணு பார்ப்போம்."

முத்தரசி பொட்டு வைத்துக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு... சொரிமுத்து தாண்டி, நம்பியின் கடைசிச் சுண்டுவிரலில் "முப்பது!"

"அதுக்கு மேல?"

பிள்ளை அங்குமிங்கும் பார்த்தது. "அத்தை, செருப்பைக் கழட்டுங்க."

நாற்பதில் பிரமு சிரித்துவிட்டாள். "சரி, இங்கேயே இருக்கட்டும். தீபாவளிக்கு வருவேன். நூறு வரைக்கும் எண்ணணும்."

ஒன்பது மணிக்குக் குளிகை முடிந்து எழுந்த மாமன்மாரிடம் விஷயம் சொல்லப்பட்டது. நூறுக்கு எத்தனை ஆள் வேண்டும்? கணக்கு வராமல் முத்தரசியையே கேட்டார்கள். "இன்னும் ஏழு பேரு மாமா."

நயினார் காலண்டரைப் புரட்டினார். சனிக்கிழமை குளிகை காலை ஆறு மணிக்கு. உடனே மூவரும் தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டார்கள்.

"நாளைக்கு எங்க வீட்டுக்குத் தூங்க வாங்கய்யா! படுக்கையிலேயே கிடந்துறாதீங்க. அஞ்சு மணிக்கே எழுந்து, காலைக் கழுவிட்டு, நேரத்தோட தூங்க வந்துரணும்!"