ராஜாவின் காலில் குத்திய கோரை

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். விடிந்ததும் அரண்மனை அருகம்புல் தரையில் வெறுங்காலோடு நடந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஒருநாள் அந்தக் காலில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

"யாரங்கே! என் புல்லே என்னைக் குத்துகிறதே!"

மந்திரி அம்பலக்கூத்தர் குனிந்து இரண்டு தண்டுகளைக் கிள்ளிக் கொடுத்தார். "விரலிடையில் உருட்டிப் பாருங்கள் மகாராஜா. அருகு உருளும். இது உருளாது, தண்டு மூன்று பட்டை. கோரை புகுந்துவிட்டது."

நந்தவன அதிகாரி பூபாலருக்கு மந்திரி பதவியின் மேல் ரொம்ப நாளாகக் கண். விடுவாரா? "இதற்கா கவலை? பூண்டோடு ஒழித்துவிடுகிறேன் பிரபு!" என்று ஆட்களை அரிவாளோடு இறக்கினார். தரை பாய் விரித்தாற்போல் ஆயிற்று. ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"மேலே அறுத்தால் போதுமா? அடியில் கிழங்கு இருக்கிறதே" என்றார் மந்திரி.

"பார்த்தீர்களா பிரபு, இவருக்கு வயிறு எரிகிறது! ஒரு கோரை மிஞ்சியிருந்தாலும் நானே உட்கார்ந்து களையெடுக்கிறேன். இல்லையென்றால் இவர் மூட்டை கட்டட்டும்."

"சரியான பேச்சு" என்றான் ராஜா. "மந்திரியாரே, நாளைக் காலை நிரூபியும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்பும்."

அம்பலக்கூத்தர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தானே தோண்டிக் கிழங்கைக் காட்டினால், 'இவரே கொண்டுவந்து புதைத்தார்' என்று பூபாலர் சாதித்துவிடுவார். பொய் சொல்லத் தெரியாத சாட்சி வேண்டுமே! யோசித்துக்கொண்டே வீடு திரும்பியவர், ஊர்ப்புறத்தில் பன்றிகள் மண்ணைக் கிளறுவதைக் கண்டார். கவலை பறந்தது.

மறுநாள் காலை நந்தவனக் கதவு திறந்தது. பன்றிகள் குடும்பத்தோடு உள்ளே வந்தன.

"அரண்மனைக்குள் பன்றியா! உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்று மந்திரியிடம் சீறினான் ராஜா.

"சாட்சிகள் மகாராஜா. கோரைக்கிழங்கென்றால் இவற்றுக்கு உயிர். பூபாலர் வேலை சுத்தமாக இருந்தால், சும்மா உலாவிவிட்டுப் போய்விடும்."

"விரட்டுங்கள்! சீக்கிரம் விரட்டுங்கள்!" என்று அலறினார் பூபாலர்.

"ஏனய்யா பதறுகிறீர்? ஒன்றுமே இல்லை என்றீரே" என்றான் ராஜா.

பன்றிகளுக்கு ராஜாவாவது மந்திரியாவது! மூக்கை நுழைத்துப் புரட்டியெடுத்தன. மண்ணுக்குள்ளிருந்து கறுப்புக் கிழங்குகள் சரம்சரமாக வந்தன. ஒரு கிழட்டுப் பன்றி பூபாலரின் முகத்தைப் பார்த்தபடியே மென்றது. கிரீடம் நழுவுமளவுக்குச் சிரித்த ராஜா, சட்டென்று நிறுத்தினான்.

"ஐயோ, என் புல்தரை!"

"அருகு மறுபடி படர்ந்துவிடும் மகாராஜா. மிச்சக் கிழங்கைப் பொறுக்கினால் போதும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பூபாலர் கையில் களைக்கொட்டு ஏறியது. தினமும் வெயிலில் முதுகு வளைத்துப் பொறுக்கிவிட்டு, "முடிந்தது பிரபு!" என்று ஓடிவருவார்.

"அப்படியா? நல்லது. பன்றியைக் கூப்பிடுங்கள்" என்பான் ராஜா.

பூபாலர் திரும்பிப்போய் உட்கார்ந்துகொள்வார்.