பரண் நிறையப் பரங்கிக்காய்

பெரியோரே, சிறியோரே, கொஞ்சம் காது கொடுங்கள். ஆறுகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. மேட்டுக்குடி என்ற ஊரில் மருதையன் என்றொரு குடியானவன் இருந்தான். அவன் மனைவி பூவாத்தாள்.

கொல்லையில் பரங்கி விதை ஊன்றியவள் அவள்தான். பானை கழுவிய நீரைக் கொடிக்கு ஊற்றினாள். காய்க்கு அடியில் வைக்கோல் பரப்பினாள். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பக்குவம் வந்தபோது காம்போடு அறுத்து வெயில் காட்டினாள். பரண் நிறைந்தது.

அதன்பின் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. ஊரார் அடுப்பில் பூனை தூங்கியது. மருதையன் வீட்டில் மட்டும் புகை எழுந்தது.

ஆனால் மருதையனைப் பயம் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் பரணில் ஏறுவான். காய்களைப் புரட்டுவான், தட்டுவான், முகர்வான். அழுகத் தொடங்கியதை மட்டும் கீழே இறக்குவான்.

"நல்லது இருக்கட்டும். கெட்டதை முதல்ல தின்போம்" என்பான்.

கெட்டதைத் தின்று தீர்ப்பதற்குள் நல்லதில் ஒன்று கெட்டுவிடும். பிறகு அதை இறக்குவான். இப்படியே நாள் போயிற்று. பரணில் நல்ல காய் இருந்தும் அந்த வீட்டுச் சட்டியில் ஒருநாளும் நல்ல காய் வேகவில்லை.

பூவாத்தாளுக்கு வயிறு கெட்டது.

"ஏங்க, ஒரு நல்ல காயா இறக்குங்க. கஞ்சியில போட்டுக் குடிச்சா தெம்பு வரும்" என்றாள்.

"பொறு புள்ள. இது தீரட்டும்."

காய்ச்சல் கண்டது. மறுபடியும் கேட்டாள்.

"பொறு. ஒரு மழை பெய்யட்டும்."

அவள் படுத்த படுக்கையானாள். மூன்றாம் முறை அவள் வாய் திறந்து கேட்கவில்லை. பரணை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். மருதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் உச்சிவேளையில் அவள் கைகால் சில்லிட்டது. மருதையன் பதறிப்போய்ப் பரணில் ஏறினான். இருப்பதிலேயே பெரிய காயை இறக்கி, அரிந்து, வேகவைத்து மசித்தான். வீடெல்லாம் மணத்தது. அவள் தலையை மடியில் ஏந்தி ஊட்டினான். ஊட்டியது கடைவாயில் வழிந்தது.

"நல்லா விளைஞ்சிருக்குங்க" என்றாள் பூவாத்தாள். அதன்பின் அவள் பேசவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியவன் பரணை ஒழித்தான். வீடு வீடாகப் போய் நல்ல காய்களைக் கொடுத்தான். ஊர்ப் பிள்ளைகள் வயிறாரத் தின்றார்கள். அவன் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, அறிந்துகொள்ளுங்கள்: உயிர் தவிக்கும்போது எடுத்துக் கொடுக்க மனம் வராதவன், எவ்வளவு சேர்த்து வைத்தாலும் இல்லாதவனே.